பெனடிக்கைக் காதலிக்க வைத்தது யார்?

ஷேக்ஸ்பியர் எழுதிய காமெடியாச்சே, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வரலாம் என்று போய் உட்காருகிறவர்களுக்கு 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தின் நான்காம் அங்கம் தூக்கிவாரிப் போட்டுவிடும். தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளை, ஊரார் முன்னிலையில் பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறான். பெண் மயங்கி விழுகிறாள். பெற்ற தகப்பனே, இவள் செத்தால் தேவலை என்கிறார். இதைப் போய் காமெடி என்கிறார்களே என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் அவர்மேல் தப்பில்லை.

அந்தக் காலத்து நாடகக் கணக்கு வேறு. நடுவில் எத்தனை அழுகை வந்தாலும் சரி, கடைசியில் கல்யாணத்தில் முடிந்தால் அது காமெடி. நம் பாடப்புத்தகங்கள் இன்பியல் நாடகம் என்று சொல்வது இதைத்தான். சிரிப்பு வழியில் கிடைக்கிற உபரி லாபம். போய்ச் சேர வேண்டிய இடம் கல்யாணம் என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால், அந்த இருவர் எப்படி அங்கே போய்ச் சேருகிறார்கள், யார் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பதுதான் கதை. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான். சென்னைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் காதலைத் தனியாகவும் நட்பைத் தனியாகவும் ஆளுக்கொரு பக்கம் எழுதி வைப்பதைப் பார்க்கிறேன். இந்த நாடகத்தை அப்படிக் கூறுபோட முடியாது. இதில் காதலை நடத்துகிறவர்கள் நண்பர்கள். அந்தக் காதல் தேறுமா தேறாதா என்று தெரிய வருவதும் நட்பின்மேல் கை வைக்கும்போதுதான்.

சங்க அகப்பாட்டு படித்தவர்களுக்கு இது புது விஷயம் அல்ல. அங்கே தலைவனும் தலைவியும் மட்டும் இருந்தால் கதை நகரவே நகராது. தலைவனுக்குப் பாங்கன் உண்டு, தலைவிக்குத் தோழி உண்டு. பாங்கன் முதலில் நண்பனைத் திட்டுவான்: நீ இப்படி ஒரு பெண்ணுக்காக உருகலாமா என்று. குறுந்தொகை 58-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் அந்தத் தலைவனின் பதிலை எழுதியிருக்கிறார். வெயில் காயும் பாறைமேல் வெண்ணெயை வைத்துவிட்டு, கையில்லாத ஊமையைக் காவலுக்கு உட்கார வைத்தால் என்ன ஆகும்? உருகுவதைக் கண்ணால் பார்க்கலாம், அள்ள முடியாது, ஆளைக் கூப்பிடவும் முடியாது. என் நோயும் அப்படித்தான் பரவுகிறது என்கிறான். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். நம் பாட்டில் காதல் முதலில் வருகிறது, நண்பன் பிறகு வருகிறான். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் நண்பர்கள் முதலில் வந்து, காதலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

சரி, கதைக்குப் போவோம். நாடகம் 1598, 1599 வாக்கில் எழுதப்பட்டது, 1600-ல் அச்சானது. நடக்கிற இடம் சிசிலித் தீவில் உள்ள மெசினா. ஊர் ஆளுநர் லியோனாட்டோ. அவருக்கு ஒரே மகள், பெயர் ஹீரோ. ஆமாம், ஹீரோ என்பது பெண். சென்னையில் இந்த நாடகத்தை யாருக்குச் சொன்னாலும் முதல் பத்து நிமிடம் இதிலேயே போய்விடும். அவளோடு அதே வீட்டில் வளர்கிற ஒன்றுவிட்ட சகோதரி பியாட்ரிஸ். யுத்தம் முடிந்து இளவரசன் டான் பெட்ரோ தன் ஆட்களோடு அந்த வீட்டுக்கு வருகிறான். கூடவே இரண்டு இளைஞர்கள், கிளாடியோவும் பெனடிக்கும். இருவரும் உயிர் நண்பர்கள். டான் பெட்ரோவோடு மனஸ்தாபப்பட்டு இப்போதுதான் ஒட்டியிருக்கிற தம்பி டான் ஜானும் வருகிறான். வில்லன் அவன்தான்.

கிளாடியோவுக்கு ஹீரோவைப் பார்த்ததும் பிடித்துவிடுகிறது. உடனே பெனடிக்கிடம், அந்தப் பெண் எப்படி என்று கேட்கிறான். அப்புறம் இளவரசனிடம், லியோனாட்டோவுக்கு மகன் யாரும் உண்டா என்று விசாரிக்கிறான். இல்லை, ஹீரோதான் ஒரே வாரிசு என்று பதில் வருகிறது. அந்தக் கேள்வியைக் காதலின் அப்பாவித்தனம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. இளவரசன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். இரவு முகமூடி நடனம் இருக்கிறது, நானே உன்னைப்போல் வேஷம் போட்டுக்கொண்டு அவளிடம் பேசி, அப்பாவிடமும் சம்மதம் வாங்கித் தருகிறேன் என்கிறான். கிளாடியோவும் சரி என்கிறான். ஆக, காதலைச் சொல்கிற வேலைகூட நண்பனுக்குப் போய்விட்டது.

நடனத்தில் டான் ஜான் ஒரு புரளியைக் கிளப்புகிறான். இளவரசன் தனக்காகவே பெண் கேட்கிறான் என்று. கிளாடியோ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் நட்பு நிலையாக நிற்கும், காதல் விவகாரத்தில் மட்டும் நிற்காது என்று தனக்குத் தானே தத்துவம் பேசிவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் உண்மை தெரிந்து எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆனால் பார்வையாளருக்கு ஒன்று பதிவாகிவிடுகிறது: இந்தப் பையன் காதில் விழுந்ததை நம்புகிறவன். ஹீரோவோ நாடகத்தில் வாய் திறப்பதே குறைவு. கல்யாணம் நிச்சயமானதும் அவன் காதில் ஏதோ சொல்கிறாள். அதுகூட நமக்குக் கேட்காது. கல்யாண நாள்வரை இருவரும் மேடையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிக்கொள்வதை ஷேக்ஸ்பியர் காட்டவே இல்லை.

இன்னொரு ஜோடிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பியாட்ரிஸும் பெனடிக்கும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அத்தனையும் சண்டை. இருவருமே கல்யாணமே வேண்டாம் என்று சபதம் போட்டவர்கள். ஆனால் நாடகத்தில் பியாட்ரிஸ் வாய் திறந்து பேசுகிற முதல் வசனத்தைப் பாருங்கள். யுத்தத்திலிருந்து தூதன் வந்திருக்கிறான். அவள் கேட்பது பெனடிக் திரும்பி வந்தானா என்றுதான். கேலிப் பெயர் வைத்துக் கேட்கிறாள், ஆனாலும் கேட்கிறாள். அவன் கொன்றவர்களை எல்லாம் நானே தின்கிறேன் என்று சொல்லியிருந்தேன், எத்தனை பேரைக் கொன்றான் என்கிறாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில், அவன் தன் மனசைக் கொஞ்ச காலம் எனக்குக் கடன் கொடுத்தான், நான் அதற்கு வட்டியாக இரட்டை மனசு கொடுத்தேன் என்று இளவரசனிடம் சொல்கிறாள். பழைய கதை ஏதோ இருந்திருக்கிறது. என்ன என்று நாடகம் விளக்கவில்லை. விளக்காமல் விட்டது நல்லதுதான்.

கிளாடியோ கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பொழுது போக வேண்டுமே. இளவரசனுக்கு ஒரு யோசனை: இந்தச் சண்டைக்கோழிகள் இரண்டையும் காதலிக்க வைத்தால் என்ன? ஆண்கள் பெனடிக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியது, பெண்கள் பியாட்ரிஸைப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

அந்தத் தோட்டக் காட்சியை, இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியை, நிதானமாகப் படிக்க வேண்டும். பெனடிக் தனியாக நின்று கிளாடியோவை நினைத்து வருத்தப்படுகிறான்: நேற்றுவரை போர்ப் பறையைக் கேட்டவன், இன்று காதல் பாட்டு கேட்கிறானே. நமக்கு வாய்க்கிறவள் பணக்காரியாக இருக்க வேண்டும், அறிவாளி, அழகி, சாது, சங்கீதம் தெரிந்தவள் என்று பட்டியல் போடுகிறான். முடியின் நிறத்தை மட்டும் கடவுள் விருப்பத்துக்கு விட்டுக் கொடுக்கிறான். அந்த நேரம் நண்பர்கள் வருவதைப் பார்த்துக் கொடிப்பந்தலுக்குள் ஒளிந்துகொள்கிறான். அவன் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும். அது நமக்கும் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது. மைலாப்பூர் சபாக்களில் சோபாவுக்குப் பின்னால் ஒருவரை ஒளிய வைத்து முன்னால் இருவரைப் பேசவிடுகிற காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இந்த உத்தியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சு ஆரம்பிக்கிறது. பியாட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாளாம். ராத்திரியில் எழுந்து எழுந்து கடிதம் எழுதுகிறாளாம், அப்புறம் கிழித்துப் போடுகிறாளாம். பெனடிக்குக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் வெள்ளைத் தாடிப் பெரியவர் லியோனாட்டோவே சொல்கிறாரே, அவர் பொய் சொல்வாரா? சரியான ஆளைத்தான் கூட்டணியில் சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் நண்பர்கள் ஓர் ஊசியையும் ஏற்றுகிறார்கள். பாவம் அவள், இவனிடம் சொன்னால் கேலி செய்தே கொன்றுவிடுவான், அவ்வளவு அகம்பாவம் என்கிறார்கள்.

அவர்கள் போனதும் பெனடிக் வெளியே வருகிறான். இது ஏமாற்று வேலையாக இருக்கவே முடியாது என்கிறான். தன்னைப் பற்றிய குறையைக் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ள முடிகிறவன் பாக்கியசாலி என்கிறான். உலகத்தில் ஜனங்கள் பெருக வேண்டாமா, பிரம்மச்சாரியாகவே சாவேன் என்று சொன்னபோது கல்யாணம்வரை உயிரோடு இருப்பேன் என்று நினைக்கவில்லை என்கிறான். அப்போது பியாட்ரிஸ் வந்து, எனக்கு இஷ்டமில்லை, அனுப்பினார்கள், சாப்பிட வா என்று எரிந்து விழுகிறாள். அவள் போனதும், அதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று மகிழ்ந்து போகிறான். நடிகர் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் அரங்கு அதிரும்.

அடுத்த காட்சியில் ஹீரோவும் தோழி அர்சுலாவும் பியாட்ரிஸுக்கு அதே மருந்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் சுவை வேறு. நாடகம் முழுக்க வாய் பேசாத ஹீரோ இங்கே பொரிந்து தள்ளுகிறாள். அவள் கண்ணில் ஏளனம்தான் ஆடுகிறது, யாரையும் நேசிக்கத் தெரியாதவள், அவள் முன்னால் இதைச் சொல்ல யாருக்குத் தைரியம் என்று. பியாட்ரிஸ் வெளியே வந்து வெறும் பத்து வரி பேசுகிறாள். நாடகத்தின் பெரும்பகுதி உரைநடைதான், அவளும் உரைநடையில்தான் சண்டை போடுவாள். இந்தப் பத்து வரி மட்டும் எதுகை வைத்த செய்யுள். என்னை இவ்வளவு கர்வக்காரி என்றா நினைக்கிறார்கள்? கர்வமே, போய் வா. பெனடிக், நீ நேசித்துக்கொண்டே இரு, நான் பதில் தருகிறேன். இதில் சிரிப்பு இல்லை.

பி.ஏ. முதல் வருடம் படிக்கும் என் அண்ணன் மகள் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள். "சித்தப்பா, யாரோ சொன்ன பொய்யைக் கேட்டு லவ் வந்திருமா?" நல்ல கேள்வி. வராது. இருவருக்கும் ஏற்கனவே ஆசை இருந்தது, அதைவிடப் பெரிதாகப் பயமும் இருந்தது: முதலில் சொல்கிறவர் கேலிக்கு ஆளாவார் என்ற பயம். இருவரும் ஊரிலேயே பெரிய கேலிக்காரர்கள் என்பதால் அதன் வலி அவர்களுக்குத் தெரியும். நண்பர்கள் செய்தது என்ன? அவள் முதலில் சொல்லிவிட்டாள் என்று அவனிடமும், அவன் முதலில் சொல்லிவிட்டான் என்று அவளிடமும் நம்ப வைத்தார்கள். கூடவே முகத்துக்கு நேரே சொன்னால் எடுபடாத குறையையும் காதில் போட்டார்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. காதல் வந்தது என்பதைவிட, நாலு பேர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்று இருவரும் முதன்முறையாகப் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரு சின்ன விலகல். இந்த வசனங்களை ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் பேசியவர்கள் பெண்கள் அல்லர். பியாட்ரிஸாகவும் ஹீரோவாகவும் நடித்தவர்கள் சிறுவர்கள். மதராஸிலும் அப்படித்தான் இருந்தது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 'ஹாம்லெட்' அவர் கையில் 'அமலாதித்யன்' ஆனது, 'ஆஸ் யூ லைக் இட்' 'விரும்பிய விதமே' ஆனது. அவர் கதாநாயகனாக நடித்தபோது பல நாடகங்களில் எதிரே கதாநாயகியாக நின்றவர் அவருடைய ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு. மேடையில் காதலர்கள், இறங்கினால் நண்பர்கள். இப்போது நாடகம் பார்க்க வேண்டுமானால் 1896-ல் கட்டிய எழும்பூர் மியூசியம் தியேட்டர் இருக்கிறது. அரைவட்டமாக அடுக்கிய இருக்கைகளில் உட்கார்ந்தால் எதிர்ப் பக்கத்து ஆள் எப்போது சிரிக்கிறார், எப்போது சிரிப்பதை நிறுத்துகிறார் என்பதுகூடத் தெரியும். இந்த நாடகத்துக்கு அது நல்ல இடம்.

திரும்பி வருவோம். டான் ஜானும் அதே ஆயுதத்தைத்தான் எடுக்கிறான். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, தன் ஆள் போராச்சியோவை ஹீரோவின் ஜன்னலடியில் நிற்க வைத்து, வேலைக்காரி மார்கரெட்டோடு கொஞ்ச வைத்து, இருட்டில் தூரத்திலிருந்து அதைக் கிளாடியோவுக்கும் இளவரசனுக்கும் காட்டுகிறான். அவர்கள் அது ஹீரோதான் என்று நம்பிவிடுகிறார்கள். நண்பர்கள் ஒளிய வைத்துக் கேட்கச் செய்த பொய் ஒரு ஜோடியைச் சேர்த்தது. பகையாளி ஒளிய வைத்துப் பார்க்கச் செய்த பொய் இன்னொரு ஜோடியைப் பிரித்தது. கிளாடியோவின் காதல் எல்லாமே பிறர் கைமாற்றி வந்தது: விசாரித்தது ஒருவரிடம், கேட்டுக் கொடுத்தது இன்னொருவர். ஆகவே பிறர் கையால் போவதும் சுலபமாக இருந்தது. அவளிடமே தனியாக ஒரு வார்த்தை கேட்போம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

தேவாலயத்தில் அவமானப்படுத்திவிட்டுக் கிளாடியோவும் இளவரசனும் வெளியேறுகிறார்கள். அவர்களோடு வந்த பெனடிக் போகாமல் நிற்கிறான். அவன் தங்கிவிட்டான் என்று யாரும் வசனமாகச் சொல்வதில்லை, அவன் நிற்பது மட்டும்தான் தெரியும். என் சகோதரிமேல் அபாண்டம் என்று பியாட்ரிஸ் சொல்கிறாள். நேற்று ராத்திரி நீ அவளோடு படுத்திருந்தாயா என்று பெனடிக் கேட்கிறான். இல்லை, ஆனால் அதற்கு முன் ஒரு வருஷமாக அவளோடுதான் படுத்துத் தூங்கினேன் என்கிறாள். சாட்சிக் கூண்டில் அந்தப் பதில் ஹீரோவுக்கு எதிராகத்தான் போகும். அவள் பொய் சொல்லவில்லை, நம்பிக்கையையும் விடவில்லை. அவளிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. தனக்குத் தெரிந்த பெண்ணைத் தெரியும், அவ்வளவுதான். பாதிரியார் ஒரு யோசனை சொல்கிறார்: ஹீரோ இறந்துவிட்டதாக ஊரில் சொல்லிவிட்டு ஒளித்து வைப்போம், கிளாடியோ வருந்தட்டும்.

எல்லோரும் போய்விடுகிறார்கள். இருவர் மட்டும். இவ்வளவு நேரமும் அழுதுகொண்டா இருந்தாய் என்று பெனடிக் கேட்கிறான். நாடகத்தில் அவன் அவளிடம் கேலி இல்லாமல் பேசுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. உலகத்தில் உன்னைப்போல் நான் எதையும் நேசிக்கவில்லை, விசித்திரமாக இல்லையா என்கிறான். அவளும் தயங்கித் தயங்கி, மறுக்க மனசு மிச்சமில்லை என்று ஒப்புக்கொள்கிறாள். சந்தோஷத்தில், உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், சொல் என்கிறான். அவள் சொல்வது இரண்டே வார்த்தை. "கிளாடியோவைக் கொல்."

சில அரங்குகளில் இந்த இடத்தில் சிரிப்பொலி கேட்கும், அடுத்த நொடியே அடங்கிவிடும். முடியவே முடியாது என்கிறான் பெனடிக். அவன் உயிர் நண்பன் அல்லவா. அவள் கிளம்புகிறாள், இவன் மறிக்கிறான். நான் ஆணாகப் பிறந்திருந்தால் சந்தையில் வைத்து அவன் ஈரலைத் தின்றிருப்பேன் என்று கத்துகிறாள். மூலத்தில் இதயம் என்றுதான் இருக்கிறது, எங்கள் பக்கத்துக் கோபத்துக்கு ஈரல்தான் பொருந்துகிறது. கடைசியில் பெனடிக் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: கிளாடியோ ஹீரோவுக்கு அநியாயம் செய்தான் என்று மனசார நம்புகிறாயா? ஆமாம், எனக்கு மனசு என்று ஒன்று இருப்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம். போதும், அவனைச் சண்டைக்கு அழைக்கிறேன் என்று கிளம்பிவிடுகிறான்.

கிளாடியோ கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறான். பியாட்ரிஸ் எதையும் பார்க்கவில்லை. பெனடிக் நம்புவது பியாட்ரிஸை. காதல் அவனைக் கவிஞனாக்கவில்லை. பாட்டு எழுத உட்கார்ந்து எதுகை கிடைக்காமல் திண்டாடுகிற காட்சி ஒன்று பின்னால் வருகிறது. அவனிடம் மாறியது, யார் சொல்லை நம்புவது, யாரோடு நிற்பது என்பதுதான். அதற்கு அவன் கொடுக்கிற விலை தன் நண்பர்கள்.

ஐந்தாம் அங்கத்தில் அவன் போய்ச் சேரும்போது கிளாடியோவும் இளவரசனும், வாப்பா, மனசு சரியில்லை, எதையாவது சொல்லிச் சிரிக்க வை என்கிறார்கள். என் நகைச்சுவை உறைக்குள் இருக்கிறது, உருவட்டுமா என்கிறான். வாளைத்தான் சொல்கிறான். அவர்களுக்கு வெகுநேரம் அது உறைக்கவே இல்லை. கேலி பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 'நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு' என்ற குறளுக்கு இதைவிட நேரான மேடைக் காட்சி எனக்குத் தெரியாது. உங்கள் சகவாசம் இனி வேண்டாம், ஒரு நிரபராதிப் பெண்ணைக் கொன்றுவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

சதி வெளியே வருவது டாக்பெரி என்ற காவல்காரத் தலைவனால். பெரிய பெரிய வார்த்தைகளைத் தப்புத் தப்பாகப் பேசுகிற ஆள். அவனுடைய அசட்டு ஆட்கள் ராத்திரி ரோந்தில் போராச்சியோ உளறுவதைக் கேட்டுப் பிடித்துவிடுகிறார்கள். கிளாடியோ மன்னிப்புக் கேட்கிறான், கல்லறையில் இரங்கற்பா பாடுகிறான், பிராயச்சித்தமாக லியோனாட்டோவின் சகோதரர் மகளை முகம் பார்க்காமலே கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறான். முக்காட்டை விலக்கினால் ஹீரோ. அவன் சுலபமாகத் தப்பித்துவிட்டான் என்பது என் அபிப்பிராயம். இந்தக் கதைப்பகுதிக்கு ஷேக்ஸ்பியர் பண்டெல்லோ, அரியோஸ்டோ என்ற இத்தாலியர்களுக்குக் கடன்பட்டவர். சண்டைக்காரக் காதலர்களை நடமாடவிட்டதுதான் அவர் கைவண்ணம். பார்வையாளர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தம்மிடம் இருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இந்த நாடகத் தலைப்பின் பக்கத்தில் பெனடிக், பியாட்ரிஸ் என்று எழுதி வைத்தார்.

கடைசிக் காட்சியில் இந்த இருவரும் மறுபடி பழைய புத்தியைக் காட்டுகிறார்கள். எல்லோர் முன்னிலையிலும், நீ என்னை நேசிக்கிறாயா என்று அவன் கேட்க, ஏதோ நியாயமான அளவுக்கு என்கிறாள் அவள். நண்பர்கள் சொன்ன பொய் அம்பலமாகிறது. கல்யாணம் நின்றுபோகிற மாதிரி இருக்கிறது. அப்போது கிளாடியோ ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுகிறான்: பெனடிக் தன் கையால் எழுதிய, நொண்டி அடிக்கிற ஒரு காதல் கவிதை. பியாட்ரிஸின் பையிலிருந்து சுட்ட இன்னொரு காகிதத்தை ஹீரோ எடுக்கிறாள். நண்பர்கள் முதலில் இல்லாத கடிதங்களைப் பற்றிக் கதை கட்டினார்கள்; இப்போது நிஜக் கடிதங்களைத் திருடிக் காட்டுகிறார்கள்.

நேற்று வாளோடு போனவன் இன்று கிளாடியோவிடம் சொல்கிறான்: உன்னை உதைக்கலாம் என்றுதான் இருந்தேன், இப்போது நீ என் சொந்தக்காரனாகப் போகிறாய், காயமில்லாமல் பிழைத்துப் போ, என் மச்சினியை ஒழுங்காக வைத்துக்கொள். சென்னைக் கணக்கில் இருவரும் சகலைகள். இனிமேல் ஒவ்வொரு பண்டிகைக்கும் லியோனாட்டோ வீட்டில் ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலைதான்.